மூலக்கொத்தளத்தின் மூன்றாவது பெயர்

பேசின் பாலத்துக்கு அருகே உள்ள மூலக்கொத்தளம் இடுகாட்டில் மூன்று பேருக்கு நினைவிடம் இருக்கிறது: நடராசன், தாளமுத்து, டாக்டர் தருமாம்பாள். முதல் இருவரும் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு, 1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு மாத இடைவெளியில் அடுத்தடுத்து உயிர்நீத்தவர்கள். ஆண்டுதோறும் ஜனவரி 25ஆம் நாள் மொழிப்போர் ஈகியர் நாளில் மாலையும் கையுமாகக் கட்சிக்காரர்கள் இங்கே வருவதை வண்ணாரப்பேட்டைக்காரர்கள் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறோம். எழும்பூரில் ஓர் அரசுக் கட்டடத்துக்கே தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர். மூன்றாவது பெயரைப் பற்றிக் கேட்டால்தான் விடை தடுமாறுகிறது. "பெரியாருக்குப் பட்டம் கொடுத்த அம்மா" என்பார் ஒருவர். "விதவை மறுமணத் திட்டத்துக்கு அவங்க பேருதானே" என்பார் இன்னொருவர். இரண்டும் சரியான விடைகள்தாம். ஆனால் அந்த இரண்டு விடைகளிலும் தருமாம்பாள் என்ன செய்தார் என்பது இல்லை.

வரலாற்றில் பெண்கள் மறக்கப்பட்டார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வடசென்னையோடு தொடர்புடைய சில பெண்களின் கதையைப் பார்த்தால், மறதி என்பது பெயர் அழிந்துபோவது மட்டும் அல்ல என்று தெரிகிறது. இவர்களின் பெயர்கள் அழியவில்லை. விண்ணப்பப் படிவங்களிலும், நலத்திட்டங்களிலும், குடிசைப் பகுதிகளின் பெயர்ப் பலகைகளிலும் நாள்தோறும் எழுதப்படுகின்றன. பெயரைத் தாங்கிய ஆளின் வாழ்க்கைதான் அதிலிருந்து கழன்றுபோயிருக்கிறது. அது எப்படிக் கழன்றது என்பதை விளங்கிக்கொள்ள 1938ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரலில், இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி ஆணையிட்டது. எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் மறியலுக்குத் தேர்ந்துகொண்ட முதன்மையான இடங்களில் ஒன்று, தங்கசாலைத் தெருவில் இருந்த இந்து தியாலஜிகல் உயர்நிலைப் பள்ளி. நாள்தோறும் சிலர் பள்ளி வாசலில் நின்று முழக்கமிடுவார்கள், போலீசார் பிடித்துக்கொண்டு போவார்கள், மறுநாள் வேறு சிலர் வருவார்கள். தொடக்கத்தில் அந்த வரிசையில் நின்றவர்கள் ஆண்கள்.

நவம்பர் 13ஆம் நாள், வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். டாக்டர் தருமாம்பாள், மீனாம்பாள் சிவராஜ், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலியோர் அதில் முன்னின்றார்கள். ஈ.வெ.ராமசாமியைப் பேச்சிலும் எழுத்திலும் இனிப் 'பெரியார்' என்றே குறிப்பிட வேண்டும் என்ற தீர்மானம் இங்கேதான் நிறைவேறியது. மாநாடு இன்று நினைவில் நிற்பது பெரும்பாலும் அந்த ஒரு தீர்மானத்துக்காக. அடுத்த நாள் நடந்ததை அதே அளவு அழுத்தத்தோடு யாரும் சொல்வதில்லை. நவம்பர் 14ஆம் நாள் தருமாம்பாள், இராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஆகிய ஐந்து பெண்கள் மறியல் செய்து கைதானார்கள். சீதம்மாளோடு அவருடைய சின்னஞ்சிறு பிள்ளைகளும் சிறைக்குப் போனார்கள்.

வால்டாக்ஸ் சாலையில் இருந்து தங்கசாலைத் தெருவுக்கு, சந்துகள் வழியாக நடந்தால், அதிக நேரம் ஆகாது. இன்று அந்த வழியில் மூட்டை ஏற்றும் மீன்பாடி வண்டிகளுக்கும் பாத்திரக் கடைகளின் அடுக்குகளுக்கும் இடையே ஒதுங்கி ஒதுங்கித்தான் போக முடியும். கொட்டகை இன்று இல்லை. பள்ளி இருக்கிறது. மேடையில் பேசுவதற்கும் போலீஸ் வண்டியில் ஏறுவதற்கும் இடையே அந்தப் பெண்களுக்கு இருந்தது இந்தச் சிறிய தொலைவும் ஓர் இரவும்தான். அந்த இரவில் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும், யார் சமைத்திருப்பார்கள், பால்குடி மறக்காத பிள்ளையை உடன் கொண்டுபோவதா விட்டுப்போவதா என்று யார் முடிவெடுத்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்காமல் அந்தத் தெருவை என்னால் கடக்க முடிவதில்லை.

அந்தப் போராட்டத்தில் மொத்தம் 1,198 பேர் கைதாகி, 1,179 பேர் தண்டனை பெற்றார்கள். சிறை சென்றவர்களில் பெண்கள் 73 பேர்; அவர்களோடு சென்ற குழந்தைகள் 32. ஏறத்தாழ இரண்டு பெண்களுக்கு ஒரு குழந்தை என்ற கணக்கு. கைக்குழந்தையை வைத்திருப்பவர் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லித் தட்டிக்கழிக்க எல்லா வாய்ப்பும் இருந்த காலத்தில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அவர்கள் போயிருக்கிறார்கள். அந்த 73 பேரில் பத்துப் பெயரைச் சொல்லச் சொன்னால் இன்று நாம் திணறுவோம்.

இதன்பின் அரசு எடுத்த நடவடிக்கையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நவம்பர் 13, 14 ஆகிய நாள்களில் பேசிய பேச்சுகள் பெண்களை மறியலுக்குத் தூண்டின என்று பெரியார்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. ஜார்ஜ் டவுன் போலீஸ் நீதிமன்றம் டிசம்பரில் அவருக்குக் கடுங்காவல் தண்டனை விதித்தது. பெண்களின் செயலுக்குக் காரணம் இன்னொருவருடைய பேச்சு என்று அந்த வழக்கு எடுத்துக்கொண்டது. அவர்கள் தாமாக முடிவெடுத்திருக்கக்கூடும் என்பதற்கு அந்தக் குற்றச்சாட்டின் சொற்களில் இடமே இல்லை. ஆதரித்தவர்கள் வேறு வழியில் ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் எழுதிய வரலாற்றில் அந்த மாநாட்டுப் பெண்கள் பட்டம் கொடுத்தவர்களாக நின்றுவிட்டார்கள். ஒரு பக்கம் தூண்டப்பட்டவர்கள், மறுபக்கம் பட்டம் கொடுத்தவர்கள். இரண்டு வாக்கியத்திலும் எழுவாய் வேறு ஒருவர், இவர்கள் வந்துபோகிறவர்கள். இந்த இலக்கணம்தான் இவர்களுடைய மறதிக்கு வேர் என்பது என் எண்ணம். பெரியாருடைய பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவருக்கு இன்னது பெயர் என்று தீர்மானிக்கும் தகுதி தங்களுக்கு உண்டு என்று அந்தப் பெண்கள் கருதியதே பெரிய செய்தி.

தருமாம்பாளின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். தஞ்சைக்கு அருகே கருந்தட்டான்குடியில் 1890இல் பிறந்தவர். சித்த மருத்துவம் கற்றுச் சென்னையில் மருத்துவம் பார்த்தார். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் 'டாக்டர்' அந்த மருத்துவத்தால் வந்தது. மயிலை சிவமுத்து தோற்றுவித்த மாணவர் மன்றத்தில் தலைமைப் பொறுப்பேற்று, மாணவர்களிடையே தமிழ்த் தேர்வுகளையும் போட்டிகளையும் வளர்த்தார். ஆனால் அவர் செய்தவற்றுள் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைப்பது தமிழாசிரியர்களுக்காக அவர் நடத்திய போராட்டம்.

அக்காலப் பள்ளிகளில் தமிழாசிரியர் 'தமிழ்ப் பண்டிட்' என்று அழைக்கப்பட்டார். ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தவர்களைவிட அவருக்குச் சம்பளம் குறைவு, மதிப்பும் குறைவு. ஒரே பள்ளியில், ஒரே மணியடிப்புக்குள், ஒரே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்களிடையே இந்த வேற்றுமை இருந்தது. இதை மாற்றக் கோரித் தருமாம்பாள் 'இழவு வாரம்' என்று அறிவித்தார். அந்தப் பெயரைக் கவனியுங்கள். கோரிக்கை வாரம், கண்டன வாரம் என்றெல்லாம் வைத்திருக்கலாம். இழவு என்பது சாவு வீட்டுச் சொல். மாரடித்து ஒப்பாரி வைப்பதும், கூட்டமாக உட்கார்ந்து இறந்தவரின் அருமையைச் சொல்லி அழுவதும் நம் ஊரில் பெண்களின் வேலையாகவே விடப்பட்டவை. தமிழ் செத்துப்போன வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம், வந்து பாருங்கள் என்று ஒரு பெண் ஊரைக் கூப்பிட்டிருக்கிறார். அமங்கலச் சொல் என்று வீட்டுக்குள் ஒதுக்கி வைத்ததைத் தெருவுக்குக் கொண்டுவந்து கோரிக்கையாக நிறுத்தினார். தமிழாசிரியர்களுக்கு மற்ற ஆசிரியர்களுக்கு இணையான ஊதியம் பின்னர் கிடைத்தது. இன்று தமிழ் கற்பித்துச் சம்பளம் வாங்கும் ஒவ்வோர் ஆசிரியரின் ஊதியப் பட்டியலிலும் அவருடைய கை இருக்கிறது. 1951இல் அவருக்கு 'வீரத் தமிழன்னை' என்ற பட்டம் வழங்கப்பட்டது, 1959இல் மறைந்தார்.

நீலாம்பிகை அம்மையாருக்கு நேர்ந்தது சற்று வேறு. 1916இல் தனித்தமிழ் இயக்கம் பிறந்த கதையைத் தமிழ் படித்தவர்கள் அனைவரும் கேட்டிருப்போம். 'பெற்ற தாய்தனை மகமறந் தாலும்' என்று தொடங்கும் வள்ளலாரின் பாட்டில் 'உற்ற தேகத்தை' என்று வரும் இடத்தில் 'யாக்கை' என்ற தமிழ்ச்சொல் இருந்திருக்கலாமே என்று தந்தை சொல்ல, அப்படியானால் நாம் இனித் தமிழ்ச்சொற்களையே கொண்டு பேசினால் என்ன என்று சிறுமியாக இருந்த மகள் கேட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சிறுமி அந்த வயதிலேயே நின்றுவிட்டார். அவர் வளர்ந்து பள்ளியில் தமிழ் கற்பித்ததையும், தனித்தமிழில் கட்டுரைகள் எழுதியதையும், வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களை அகரவரிசையில் தொகுத்து 1937இல் ஓர் அகராதியே வெளியிட்டதையும் சொல்பவர் குறைவு. அகராதி என்பது ஓர் ஆர்வத்தில் எழுதிவிடும் நூல் அன்று. ஒவ்வொரு சொல்லாக எடுத்து, அதற்கு ஈடான சொல் வழக்கில் உண்டா, பொருந்துமா என்று ஆண்டுக்கணக்கில் பார்க்கும் வேலை. அப்பாவிடம் கேள்வி கேட்ட மகள் என்ற படம் இனிமையாக இருப்பதால், அந்த வேலையை அது மறைத்துவிட்டது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை இன்று தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான மாணவிகள் அறிவார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தின் முழுப்பெயரில் அவர் இருக்கிறார். 2022 செப்டம்பர் 5ஆம் நாள் அத்திட்டம் தொடங்கப்பட்டதும் வடசென்னையில், பாரதி மகளிர் கல்லூரியில்தான். எங்கள் தெருவில் இருந்து அந்தக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒருத்தி, வங்கியில் பணம் ஏறியதாகக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்ததும் தன் அம்மாவிடம் ஓடிக் காட்டினாள். பிறகு என்னிடம், "அக்கா, மூவலூர்னா எந்த ஊரு? அவங்க டீச்சரா?" என்று கேட்டாள்.

அவர் ஆசிரியர் அல்லர். அவருக்குப் படிக்கும் வாய்ப்பே சரியாக வாய்க்கவில்லை. 1883இல் பிறந்தவர்; குடும்பத்தின் வறுமையால் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் தேவதாசி ஒருவரிடம் விற்கப்பட்ட சிறுமி. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துத் தமக்கு விருப்பமானவரை மணந்துகொண்டு, பிறகு தம்மைப் போன்ற பெண்களை அந்த வாழ்க்கையில் இருந்து வெளியே கொண்டுவருவதையே வேலையாக எடுத்துக்கொண்டார். காங்கிரசில் இருந்தார், சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதினார். 1938 ஆகஸ்டு 1ஆம் நாள் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியில் இருந்து புறப்பட்ட தமிழர் படை 42 நாள் நடந்து செப்டம்பர் 11இல் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது அதோடு நடந்து வந்தவர். அப்போது அவருக்கு வயது 55. அந்த நடைப்பயணத்தைப் பற்றி எழுதுபவர்கள் அவர் உணவுப் பொறுப்பைக் கவனித்தார் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஏறத்தாழ நூறு பேருக்கு, நாளொரு ஊரில், சில இடங்களில் வரவேற்பும் சில இடங்களில் எதிர்ப்புமாக இருந்த பயணத்தில், சோறு கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது எத்தகைய பொறுப்பு என்பது ஒரு கல்யாண வீட்டுப் பந்தியை நடத்தியவருக்குக்கூடத் தெரியும். படை சென்னையை அடைந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அவர் கைதானார். 1949இல் பெரியாரின் திருமணத்தை ஏற்காமல் பிரிந்து அண்ணாவின் பக்கம் போனார். யார் சொன்னாலும் தமக்குச் சரி என்று படாததை ஏற்காதவர் என்பதற்கு இது ஒன்றே போதும். 'தூண்டப்பட்டவர்' என்று வழக்கில் எழுதியவர்களுக்கு இதைவிட நேரான மறுப்பு இல்லை.

இங்கே ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த இன்னொரு பெண்ணைச் சொல்லாமல் போனால் கதை ஒருபக்கமாகிவிடும். பெங்களூர் நாகரத்தினம்மாள், இராமாமிர்தத்தைப் போலவே தேவதாசி மரபில் இருந்து வந்தவர். ஆனால் அந்த முறையை ஒழிக்கும் சட்டத்தை எதிர்த்து நின்ற தேவதாசிகள் சங்கத்தின் தலைவர். கலையும் சொத்துரிமையும் கொண்ட பெண்களை ஒட்டுமொத்தமாக இழிவுபடுத்துவது என்ன நியாயம் என்பது அவருடைய வாதம். தஞ்சை அரண்மனைக் கவியான முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய இராதிகா சாந்த்வனம் என்ற காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்து, அது ஆபாசம் என்று அரசு தடைசெய்தபோதும் பின்வாங்காதவர். தியாகராசருக்குத் திருவையாற்றில் தம் பணத்தில் சமாதிக் கோயில் எழுப்பியவரும் அவரே. அங்கே பெண்கள் பாட ஆண்கள் இடம் தராதபோது பெண்களைக் கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். தேவதாசி முறையைப் பற்றிய விவாதத்தில் நான் இராமாமிர்தத்தின் பக்கம். அதற்காக நாகரத்தினம்மாளின் குரலை விட்டுவிட முடியாது. சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்த முத்துலட்சுமி ரெட்டியைப் பாடநூல் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்த வாழ்க்கையை வாழ்ந்து, அதைப் பற்றி எதிரெதிராக வாதாடிய இந்த இருவரையும் சேர்த்துச் சொல்லவில்லை.

மீனாம்பாள் சிவராஜ் ரங்கூனில் 1904இல் பிறந்து, திருமணத்தின் வழியாகச் சென்னைக்கு வந்தவர். கணவர் என்.சிவராஜ் பின்னாளில் சென்னையின் மேயராக இருந்தவர் என்பதால், அவரையும் 'இன்னாரின் மனைவி' என்றே குறிப்பிடும் வழக்கம் உண்டு. 1928இல், இந்திய அரசியல் சீர்திருத்தத்தை ஆராய பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சைமன் குழுவை ஆதரித்து அவர் பேசியதே அவருடைய முதல் பொதுமேடைப் பேச்சு. நாடெங்கும் அந்தக் குழுவுக்குக் கருப்புக்கொடி காட்டப்பட்ட நேரத்தில், தாழ்த்தப்பட்டோரின் குறைகளைக் கேட்க யார் வந்தாலும் சொல்வோம் என்று ஓர் இளம்பெண் மேடையேறியிருக்கிறார். 1944இல் அம்பேத்கர் சென்னைக்கு வந்தபோது கூடிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்கும், அடுத்த ஆண்டு பம்பாயில் கூடிய மாநாட்டுக்கும் தலைமை வகித்தார். அம்பேத்கர் அவரைத் தங்கை என்றே அழைத்தார். 1992 வரை வாழ்ந்தவர். அதாவது, நம்மில் பலர் நேரில் போய்ப் பார்த்திருக்கக்கூடியவர்.

எங்கள் பகுதிக்கு மிக நெருக்கமானவர் சத்தியவாணி முத்து. பெரம்பூர்த் தொகுதியில் 1957, 1967, 1971 என மூன்று முறை வென்றவர். 1953இல் குலக்கல்வித் திட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் சிறை சென்றார். அண்ணா அமைச்சரவையில் ஆதிதிராவிடர் நலத்துறைக்குப் பொறுப்பேற்றார். வியாசர்பாடியில் அம்பேத்கர் பெயரில் அரசு கலைக் கல்லூரி எழுந்தது அவர் அமைச்சராக இருந்த காலத்தில். 1974இல், தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கட்சியில் உரிய இடமில்லை என்று சொல்லி அமைச்சர் பதவியை விட்டு வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். பதவியில் இருந்துகொண்டே அதை உதறிய துணிவு அன்றும் அரிது, இன்றும் அரிது. அந்தக் கட்சி பின்னர் அ.தி.மு.க.வில் இணைந்தது. 1979இல் சரண்சிங் அமைச்சரவையில் இடம்பெற்று, திராவிடக் கட்சிகளில் இருந்து மத்திய அமைச்சரான முதல் இருவரில் ஒருவரானார்.

அவர் பெயர் இன்று எங்கே இருக்கிறது? ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தில் இருக்கிறது. சென்ட்ரலுக்கு அருகே கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகரில் இருந்தது. அங்கே குடியிருந்த மக்கள் தென்சென்னைப் புறநகரான பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டபின், செய்திகளில் சில நாள் அடிபட்ட அந்தப் பெயர் அந்தக் கரையில் இருந்து போய்விட்டது. பெரும்பாக்கத்துக்குப் போனவர்களில் வேலைக்காகத் திரும்பவும் வடசென்னைக்கே பேருந்தில் வந்துபோகும் பெண்கள் இருக்கிறார்கள். தங்கள் பழைய நகருக்குப் பெயரான அந்த அம்மா, தங்களைப் போன்றவர்களுக்காகவே ஓர் அமைச்சர் பதவியை விட்டவர் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

நலத்திட்டங்களுக்கு இவர்களின் பெயரை வைத்ததில் தவறில்லை. வைத்தவர்களுக்கு அவர்கள் யார் என்று நன்றாகத் தெரியும், நன்றியோடுதான் வைத்தார்கள். ஆனால் திட்டத்தின் பெயர் என்பது வாங்குபவரின் காதில் தொகையாகவும் தகுதி வரம்பாகவும்தான் விழுகிறது. படிவத்தின் தலைப்பில் அச்சாகும் பெயருக்குக் கீழே, அவர் யார் என்று நான்கு வரி அச்சிட இடம் இருக்கிறது. பெண்களின் வழக்கமான குறிப்புகளில் வரும் 'இன்னாரின் மகள்', 'இன்னாரின் மனைவி' என்பவை இல்லாமல், அவர்களே எழுவாயாக நிற்கும் நான்கு வரிகள். தங்கசாலைத் தெருப் பள்ளி வாசலிலும், வால்டாக்ஸ் சாலையில் கொட்டகை இருந்த இடத்திலும் ஒரு பலகை நிறுத்துவதும் பெரிய செலவு அல்ல. கம்பெனிக் காலத்தில் மதில் கட்ட வரி ('வால் டாக்ஸ்') போடலாம் என்று எண்ணியதற்கே வால்டாக்ஸ் சாலை இன்றுவரை அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கேள்வி கேட்ட பிள்ளையைச் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலக்கொத்தளத்துக்கு அழைத்துப் போனேன். பெண்கள் இடுகாட்டுக்குப் போகலாமா என்று அவளுடைய பாட்டி தயங்கினார். பிறகு, பகலில்தானே என்று விட்டுவிட்டார். மூன்று பெயர்களையும் அவள் சத்தமாகப் படித்தாள். தருமாம்பாள் என்ற பெயருக்கு முன்னால் இருந்த 'டாக்டர்' என்பதைப் பார்த்து, "இவங்க என்ன டாக்டர்?" என்று கேட்டாள். சித்த மருத்துவர் என்று தொடங்கி, இழவு வாரம் வரை சொல்லி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. திரும்பும்போது, பாட்டியிடம் ஒப்பாரிப் பாட்டு இருக்கிறது என்றும், அதைக் கைப்பேசியில் பதிவுசெய்யப் போவதாகவும் சொன்னாள்.